முதல் வாக்கியத்தை அடித்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தைப் படித்து முடித்தேன். நடை தெளிவாக இருக்கிறது. நெறியாளருக்குப் பிடிக்கும், உதவித்தொகைக் குழுவுக்கும் பிடிக்கலாம். எனக்குத்தான் முதல் வாக்கியத்திலேயே இடித்தது. ‘1648ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா சமாதானத்தோடு இறையாண்மை கொண்ட நவீன அரசுகளின் உலகம் பிறந்தது’ என்று தொடங்கியிருக்கிறாய். அதை அடித்துவிடு.

அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். கல்லூரி அரசியல் பாடத்திலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் அது கிடக்கிறது. எல்லாரும் சொல்வதால் அதற்கு ஆதாரம் கேட்கவே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆய்வுக்குப் போகிறவள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்: யார் சொன்னது, எப்போது சொன்னது? 1948இல், உடன்படிக்கையின் முந்நூறாவது ஆண்டில், லியோ கிராஸ் என்ற சட்ட அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐக்கிய நாடுகள் சபை பிறந்த சூட்டில் எழுதியது. பழைய உலகத்திலிருந்து புதிய உலகத்துக்குள் நுழைகிற வாசலாக 1648ஐ அதில் நிறுத்தினார். சர்வதேச உறவுகள் துறைக்கு அந்தப் படம் மிகவும் வசதியாகப் போய்விட்டது. 2001இல் ஆண்ட்ரியாஸ் ஓசியாண்டர் அந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். அவர் கட்டுரையை நீ குறிப்பில் சேர்த்திருக்கிறாய். சேர்த்துவிட்டு, அவர் மறுத்ததையே முதல் வரியாக வைத்திருக்கிறாய். படிக்காமல் சேர்த்தாயோ என்று சந்தேகம் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே.

சரி, முப்பதாண்டுப் போரை முடித்த அந்த உடன்படிக்கையைத் திற. ஒன்று இல்லை, இரண்டு இருக்கின்றன. புனித ரோமானியப் பேரரசருக்கும் சுவீடனுக்கும் இடையில் ஓஸ்னாபுரூக் உடன்படிக்கை. பேரரசருக்கும் பிரான்ஸுக்கும் இடையில் முன்ஸ்டர் உடன்படிக்கை. புராட்டஸ்டன்டுகள் ஓர் ஊரில், கத்தோலிக்கர்கள் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில் என்று பிரித்து உட்கார வைத்துப் பேசியதால் வந்த இரட்டை இது. ஓஸ்னாபுரூக் உடன்படிக்கையின் எட்டாம் பிரிவைப் படி. ஜெர்மானிய இளவரசர்களுக்குத் தங்களுக்குள்ளும் அயலாரோடும் கூட்டணி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அது பேரரசருக்கும் பேரரசுக்கும் எதிராக இருக்கக் கூடாது என்கிறது. தனியரசுக்கு அடையாளமாக மேற்கோள் காட்டுகிற பிரிவிலேயே கடிவாளமும் இருக்கிறது. அந்தப் பேரரசு 1806 வரை உயிரோடு இருந்தது. பிறகு பதினேழாம் பிரிவுக்கு வா. இந்தச் சமாதானத்தை யார் மீறினாலும் ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து காக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில் என்ன பொருள்? பிரான்ஸ் அரசனுக்கும் சுவீடன் அரசிக்கும் ஜெர்மனியின் உள்விவகாரத்தில் தலையிடச் சட்டப்படி ஒரு வழி கிடைத்தது. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் தலையிடாமை இங்கே பிறந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஒப்பந்தமோ தலையிடுவதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

மதத்தைப் பற்றிய ஐந்தாம் பிரிவு இன்னும் மோசமாக அந்தக் கதையைக் கெடுக்கிறது. 1624 ஜனவரி 1 என்று ஒரு தேதியை நிர்ணயித்தார்கள். அந்த ஆண்டில் எந்தத் திருச்சபையின் கையில் எந்த மடம், எந்தச் சொத்து, எந்த வழிபாட்டு உரிமை இருந்ததோ அப்படியே தொடர வேண்டும். இளவரசன் மதம் மாறினாலும் குடிகளை இழுத்துக்கொண்டு போக முடியாது. தன் மண்ணில் மதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசனிடமிருந்து பிடுங்குகிற விதி இது. இறையாண்மை பிறந்த ஆவணம் என்று இதைச் சொல்ல எப்படி மனசு வரும்?

இந்த விதிகள் தெருவில் இறங்கி என்ன செய்தன என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓஸ்னாபுரூக்கில் ஒரு கத்தோலிக்க ஆயர், அவருக்குப் பின் ஒரு புராட்டஸ்டன்ட் இளவரசர், மறுபடி கத்தோலிக்கர் என்று மாறி மாறி வர வேண்டும் என்று விதித்தார்கள். புராட்டஸ்டன்ட் முறை வரும்போது பிரவுன்ஷ்வைக்-லூனெபர்க் வம்சத்தவர் அமர வேண்டும். அந்த வம்சம் பிறகு இங்கிலாந்தின் அரியணை ஏறியது. 1764இல் புராட்டஸ்டன்ட் முறை வந்தபோது மூன்றாம் ஜார்ஜின் மகன் ஃபிரெடெரிக் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அவனுக்கு அப்போது வயது ஆறு மாதம். தொட்டிலில் கிடந்த ஆயர்! ஆக்ஸ்பர்க் நகரத்தில் மன்றத்திலும் பதவிகளிலும் இரு தரப்புக்கும் சரிபாதி என்று வைத்தார்கள். ஏற்பாடு நிலைத்தது, ஆனால் ஒரே தெருவில் வாழ்ந்த இரு சமூகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்றும் நிலைத்துவிட்டது. எத்தியேன் ஃபிரான்சுவா 1991இல் ஜெர்மனில் வந்த தன் நூலுக்கு அந்த எல்லையைத்தான் தலைப்பாக்கினார். அரசியல் ஒப்பந்தம் ஒன்று கல்யாணத்துக்குள்ளும் அண்டை வீட்டு உறவுக்குள்ளும் எப்படி நுழைந்தது என்பதற்கு அதைவிட நல்ல புத்தகத்தை நான் பார்த்ததில்லை. நீ ஜெர்மன் கற்று முடித்ததும் முதலில் படிக்க வேண்டியது அதுவாக இருக்கட்டும்.

உன் விளக்கக் கோப்பின் முகப்பில் ஓர் ஓவியம் போட்டிருக்கிறாய், நிறையப் பேர் கை உயர்த்திச் சத்தியம் செய்கிற படம். கெரார்ட் தெர் போர்க் வரைந்தது. ஊரும் முன்ஸ்டர்தான், ஆண்டும் 1648தான், ஆனால் நாள் மே 15. ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் தங்களுடைய தனிச் சமாதானத்தை உறுதிசெய்த காட்சி அது. நீ எழுதப் போகிற உடன்படிக்கைகளில் அக்டோபர் 24 அன்று தூதர்கள் தங்கியிருந்த இல்லங்களில் கையெழுத்தானது. இந்தப் படத்தைத் தவறான தலைப்போடு அச்சிட்ட புத்தகங்கள் ஏராளம். எடுத்துவிடு. உன்னைச் சோதிக்க உட்காருகிறவர்களில் ஒருவராவது இதைக் கவனிப்பார்.

தேதிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க நாடுகள் 1582இல் கிரெகோரியின் புதிய நாட்காட்டிக்கு மாறத் தொடங்கின. சுவீடனும் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகளும் பழையதையே வைத்திருந்தன. பத்து நாள் வித்தியாசம். ஓஸ்னாபுரூக் உடன்படிக்கையிலேயே தேதி 14/24 அக்டோபர் என்று இரண்டாகத்தான் போட்டிருக்கிறது. பேரரசரின் தூதர் 12ஆம் தேதி எழுதிய கடிதத்துக்குச் சுவீடன் தூதர் 5ஆம் தேதியே பதில் சொல்லிவிட்டதாகத் தோன்றினால் அதிசயப்படாதே. முதலில் எந்த நாட்காட்டி என்று பார். எத்தனையோ பேர் இதில் விழுந்து, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

வேண்டுமென்றே மாற்றிய தேதிகளும் உண்டு. போப் பத்தாம் இன்னொசென்ட் இந்தச் சமாதானத்தின் மதப் பிரிவுகள் செல்லாது என்று ஓர் ஆணை வெளியிட்டார். காகிதத்தில் உள்ள நாள் 1648 நவம்பர் 26. உலகம் அதைப் பார்த்தது 1650 ஆகஸ்டில். சமாதானம் கையெழுத்தான சூட்டோடு போப் கண்டித்தார் என்று நினைக்க வைக்கிறது அந்தத் தேதி. நடுவில் கிடந்த காலத்தில் படைகளைக் கலைப்பதற்கான பேச்சு நூரம்பெர்க்கில் நடந்து, 1650 கோடையில் முடிந்திருந்தது. அப்படியானால் ரோம் எதற்காகக் காத்திருந்தது? இதுதான் கேள்வி. ஆணையின் வாசகத்தை மட்டும் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எழாது. இன்னொரு வேடிக்கை: இப்படி ஓர் எதிர்ப்பு வரும் என்று ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு முன்பே தெரியும். எந்தத் திருச்சபைச் சட்டமும், எந்த ஆணையும், எந்த எதிர்ப்பும் இதற்கு எதிராகச் செல்லாது என்று பதினேழாம் பிரிவில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள்.

வரலாற்றாசிரியர் ராங்கேயைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்திருக்கிறாய். அவருக்கு அந்தப் புகழ் தகும். வெனிஸ் தூதர்களின் அறிக்கைகளைத் தோண்டியெடுத்து, ஐரோப்பிய அரசியல் வரலாற்றையே அவற்றின் மேல் கட்டியவர். புராட்டஸ்டன்ட் என்பதால் வாத்திகன் ஆவணக் காப்பகம் அவருக்குத் திறக்கவில்லை. ரோமாபுரியின் பெரிய குடும்பங்களின் நூலகங்களில் கிடந்த பிரதிகளை வைத்து 1834 முதல் 1836 வரை போப்புகளின் வரலாற்றை எழுதினார். 1841இல் ரோம் அதைத் தடை நூல் பட்டியலில் போட்டது. வாத்திகன் காப்பகத்தைப் பதின்மூன்றாம் லியோ 1881இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தபோது ராங்கேக்கு வயது 85. இதெல்லாம் நீ எழுதியிருக்கிறாய். எழுதாதது ஒன்று. அந்த வெனிஸ் அறிக்கைகள் எப்படிப்பட்ட காகிதங்கள்? தூதர் பதவி முடிந்து ஊர் திரும்பியவர் மேலவை முன் நின்று படித்தவை. அரசனின் குணம், கருவூலம், படைபலம், அரசவைக் கோஷ்டிகள் எல்லாம் அழகாக வரிசையாக வரும். கேட்பவர்கள் அந்தத் தூதரின் அடுத்த பதவியைத் தீர்மானிக்கப் போகிறவர்கள். ரகசியம் என்று பெயர். ஆனால் பிரதிகள் ஊரெல்லாம் கைமாறின. ஃபிலிப்போ தெ வீவோ 2007இல் எழுதிய நூலில் வெனிஸின் ரகசியம் எப்படி நாவிதர் கடை வரைக்கும் கசிந்தது என்று காட்டுகிறார். அரங்கேற்றம் தெரிந்து எழுதிய எழுத்தை, அந்தந்த வாரம் அவசரத்தில் எழுதி அனுப்பிய கடிதத்துக்குச் சமமாக வைக்கக் கூடாது. ராங்கே சில இடங்களில் அப்படி வைத்தார். நீ அவரைப் புகழ்வதைக் குறைத்துக்கொண்டு அவருடைய ஆதாரங்களைத் தட்டிப் பார்.

வார்த்தைக்கு வார்த்தை தட்டிப் பார்க்க உனக்கு இரண்டு ஆட்களைச் சொல்கிறேன். ஒருவர் ஃபாபியோ கீஜி, போப்பின் பிரதிநிதி, முன்ஸ்டரில் சமரசம் பேச வந்தவர். பிரான்சிஸ்கன் மடத்தில் தங்கினார். மழை ஓயாத அந்த ஊரைத் திட்டி லத்தீனில் கவிதை எழுதினார். புராட்டஸ்டன்ட் தூதர்களோடு நேரடியாகப் பேசவே மாட்டேன் என்று இருந்தார். அந்த வேலை எல்லாம் வெனிஸ் சமரசத் தூதர் அல்வீசே கொந்தாரீனியின் தலையில் விழுந்தது. பொதுக்கூட்டம் என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காகிதமும் செய்தியும் போய்ப் போய்த்தான் முப்பதாண்டுப் போரை முடித்தார்கள். கீஜி 1655இல் ஏழாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் போப் ஆனார். புனித பேதுரு சதுக்கத்தின் தூண் வரிசையை பெர்னினியைக் கொண்டு கட்டியவர் அவரே. இன்னொருவர் ஐசக் ஃபோல்மார், பேரரசரின் தூதர்களில் ஒருவர், சட்டம் படித்தவர், அல்சாஸ் நிர்வாகத்தில் ஊறியவர். இருவருமே நாட்குறிப்பு எழுதினார்கள். இரண்டும் அச்சில் இருக்கின்றன.

ஃபோல்மாரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உன் இரண்டாம் இயலில் ‘மதம் வெறும் போர்வை, உள்ளே இருந்தது அதிகாரப் போட்டி’ என்று எழுதியிருக்கிறாய். கத்தோலிக்க கார்டினல்கள் ஆண்ட பிரான்ஸ் லூத்தரன் சுவீடனோடு சேர்ந்ததை அதற்குச் சான்றாக வைக்கிறாய். சான்று சரி, முடிவு அவசரம். ஃபோல்மார் லூத்தரனாகப் பிறந்து கத்தோலிக்கரானவர். முன்ஸ்டரில் அவருடைய சக தூதர் நசாவ்-ஹடமார் பிரபு கால்வினியராக இருந்து 1629இல் மாறியவர். பேரரசரின் தலைமைத் தூதர் டிரவுட்மன்ஸ்டார்ஃப் பிறப்பால் புராட்டஸ்டன்ட். மதம் மாறிய மூன்று பேர், தாங்கள் விட்டுவந்த சபைகளின் உரிமையைப் பற்றிப் பேரம் பேசுகிறார்கள். இவர்கள் மனசுக்குள் மதம் வெறும் போர்வையாக இருந்தது என்று எதை வைத்துச் சொல்வாய்? பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் 1629இல் திருச்சபைச் சொத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆணையிட்டதால் வலுவான நண்பர்களை இழந்தார். லமொர்மாய்னி என்ற சேசு சபைக் குரு, அவருடைய பாவமன்னிப்புக் குரு, அவரைத் தூண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பேரரசரின் மகன் மூன்றாம் ஃபெர்டினாண்ட் விட்டுக்கொடுக்கும் முன், விட்டுக்கொடுத்தால் பாவமா என்று இறையியலாளர்களைக் கேட்டார். வாங்னெரெக் என்ற சேசு சபைக் குரு இந்தச் சமாதானம் கூடாது என்று எழுத, கராமுவேல் என்ற ஸ்பானியத் துறவி கூடும் என்று பதில் எழுதினார். ராபர்ட் பயர்லி இந்த வழக்கை 2003இல் ஒரு முழுப் புத்தகமாக்கியிருக்கிறார். மதப்போர் என்று ஒற்றைச் சொல்லில் அடைப்பதும் சோம்பல், மதம் சாக்கு என்பதும் சோம்பல். ஓர் ஆள், ஒரு முடிவு, ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டு எது எந்த இடத்தில் எடை கூடியது என்று பார்.

இனி வேலைக்கு வருகிறேன். உன் திட்டத்தில் ஐந்து நாடுகள், முப்பது ஆண்டுகள், நான்கு காப்பகங்கள் இருக்கின்றன. மூன்றரை வருஷ உதவித்தொகையில் அதை முடிக்கிற ஆள் பிறக்கவில்லை. ஒரு சின்ன இடத்தைப் பிடி. எனக்கு ஆசை காட்டுகிற இடம் 1646 செப்டம்பர். அந்த மாதம் 13ஆம் தேதி அல்சாஸை பிரான்ஸுக்கு விட்டுக்கொடுப்பது பற்றி முதல்கட்ட உடன்பாடு ஆனது. பின்னால் வந்த வாசகத்தில் ஓரிடத்தில் எல்லா உரிமையும் பிரான்ஸுக்கு என்று இருக்கும், இன்னோரிடத்தில் அங்கிருந்த பத்து நகரங்களும் பேரரசின் நேரடி நகரங்களாகவே தொடரும் என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. தெரிந்தேதான் இரு தரப்பும் அப்படி விட்டார்கள் என்பது பலருடைய கருத்து. அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு பதினான்காம் லூயி பிற்பாடு என்னவெல்லாம் எடுத்துக்கொண்டான் என்பது உனக்குத் தெரியும். 1681இல் ஒப்பந்தத்தில் இல்லாத ஸ்ட்ராஸ்பூரையும் சேர்த்து. இந்த மங்கல் யாருடைய கையில், எந்த வாரத்தில் உருவானது? ஃபோல்மார் தன் நாட்குறிப்பில் என்ன எழுதினார், அதே நாட்களில் வியன்னாவுக்கு என்ன எழுதினார், பிரெஞ்சுத் தூதர்கள் செர்வியானும் தவோவும் பாரிசுக்கு என்ன எழுதினார்கள்? பின்னவர்கள் இருவரும் ஒருவரையொருவர் சகிக்காதவர்கள், அதனால் ஒருவர் எழுதியதை மற்றவர் கடிதத்தோடு ஒப்பிடாமல் நம்பாதே. சுவீடன் தூதர்கள் பக்கத்திலும் இதே கதை. யோஹான் ஓக்சென்ஷெர்னா சான்சலரின் மகன், சால்வியுஸ் இளம் அரசி கிறிஸ்தீனாவின் நம்பிக்கைக்கு உரியவர். ஒரே நாட்டின் சார்பாக இரண்டு குரல்கள்.

இவற்றைத் தேடி உடனே காப்பகத்துக்கு ஓட வேண்டியதில்லை. 1962 முதல் ஜெர்மன் அறிஞர்கள் வெஸ்ட்ஃபாலியா சமாதான ஆவணங்களை நாற்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். அறிவுறுத்தல்கள், கடிதங்கள், நாட்குறிப்புகள் என்று தனித்தனி வரிசை. கீஜி, ஃபோல்மார் இருவரின் நாட்குறிப்புகளும் அதில்தான். ஆறு மாதம் அவற்றோடு இரு. அப்புறம் அச்சில் விட்டுப்போனது என்ன என்ற சந்தேகம் தானாக வரும். அப்போது வியன்னாவுக்குப் போ. போவதற்குள் அக்காலத்து ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழகு. அச்சு ஜெர்மன் தெரிந்தவர்கள்கூட அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் திகைத்துப் போவார்கள். நடுநடுவே எண்களில் எழுதிய சங்கேதப் பகுதிகள் வரும். பல இடங்களில் பெற்றவரின் எழுத்தர் மேலேயே விடையை எழுதி வைத்திருப்பார். அந்த எழுத்தருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் சரியாகத்தான் அவிழ்த்தாரா என்றும் பார். லத்தீன் இல்லாமல் இந்தத் துறையில் கால் வைக்காதே, இத்தாலியன் பிறகு வரலாம்.

கிடைக்காத காகிதத்தையும் கணக்கில் எடு. 1810இல் நெப்போலியன் வாத்திகன் காப்பகத்தையே வண்டிகளில் ஏற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனான். அவன் விழுந்த பிறகு திருப்பிக் கொண்டுவரப் பணம் போதவில்லை. ரோமின் ஆளே கட்டுக்கட்டாக விசாரணைப் பதிவுகளைப் பழைய காகிதமாக விற்றார். தப்பியவற்றில் சில டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. ‘இது பற்றி ஆவணங்களில் எதுவும் இல்லை’ என்று எழுதுவதற்கு முன், ‘இன்று எஞ்சியுள்ள ஆவணங்களில்’ என்று திருத்து.

கடைசியாக நீ கேட்டது. தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதாவது சேர்த்தால் உதவித்தொகைக்கு நல்லதா என்று கேட்டிருந்தாய். வலிந்து சேர்க்காதே. உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். 1640இல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த போர்ச்சுகல் முன்ஸ்டருக்கு ஆள் அனுப்பியது. ஸ்பெயின் அவர்களைத் தூதர்களாக ஏற்கவில்லை, போப்பும் அவர்களுடைய அரசரை ஏற்கவில்லை. பிரான்ஸின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். டச்சுக்காரர்களுக்கு ஸ்பெயினோடு சமாதானம் ஆகிக் கைகள் விடுபட்டுவிட்டன. போர்ச்சுகலோடு 1641இல் செய்த பத்தாண்டுப் போர்நிறுத்தமும் காலாவதியாயிற்று. 1656இல் கொழும்பு போனது. 1658இல் தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றும் டச்சுக்காரர் கைக்குப் போயின. முன்ஸ்டரில் அந்தப் போர்ச்சுகீசியருக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் இங்கே கதை மாறியிருக்குமா என்று கேட்காதே, அதற்கு ஆவணம் பதில் சொல்லாது. லிஸ்பனுக்கு அவர்கள் முன்ஸ்டரிலிருந்து எழுதிய கடிதங்களில் ஆசியாவைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேள், அதற்குச் சொல்லும். ஆனால் அது இன்னொரு ஆய்வு, போர்ச்சுகீசியம் தெரிந்த ஆள் செய்ய வேண்டியது. இந்தத் திட்டத்தில் ஓர் அடிக்குறிப்பு போதும்.

அம்மாவிடம் லத்தீன் அகராதிக்குப் பணம் கேட்காதே. என்னிடம் பழையது ஒன்று இருக்கிறது. அட்டை கழன்றிருக்கும், பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. தைப்பூசத்துக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா